முள் ஏறாத வண்டி

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலை குப்பைமேடாகக் கிடக்கும். தண்ணீர் பாட்டிலும் பாக்குமட்டைத் தட்டும் அறுந்த செருப்புமாக ரோடே தெரியாது. அன்றைக்கு எந்த வேலையிலும் கை வைக்க மாட்டேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷமாக எவனாவது ஒருத்தன் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். இந்த வருஷம் வந்தது சின்னசாமியின் அம்பாசிடர். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து, திண்டிவனம் ரோட்டில் இருக்கிற என் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டார்கள்.

நான் கண்ணாயிரம், டீசல் வண்டி மெக்கானிக். என் வேலையைக் குறை சொன்னவன் இந்த ஊரில் கிடையாது. சொன்னால் சும்மா விட மாட்டேன் என்பதும் அதற்கு ஒரு காரணம். எனக்கு வாயைவிடக் கை முந்தும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

சின்னசாமி கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற பெரிய குடும்பம். வண்டிக்கு முப்பது வயசு. விற்றுத் தொலையுங்கள் என்று நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், கேட்கிற ஆளில்லை. ஆறு வருஷமாக அதை ஓட்டுகிறவன் அன்பரசன், அதே ஊரின் காலனியைச் சேர்ந்தவன். அன்றைக்கு அவனை டிராக்டரின் மட்கார்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். சின்னசாமியின் மச்சான் இராமலிங்கம் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தான். டிராக்டர் ஓட்டிவந்தவன் சின்னசாமிக்கு அண்ணன் மகன், தடியன்.

"கண்ணாயிரம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். டெம்பரேச்சர் முள்ளு வேலை செய்யுதா இல்லியா? அத மட்டும் பாத்து சொல்லு" என்றார் சின்னசாமி. இரவெல்லாம் ஒரு பொட்டுத் தூங்காத முகம்.

நடந்தது இதுதான். சென்னையில் வேலை பார்க்கிற அவர் மகன் அருண்பிரசாத் கிரிவலம் சுற்ற வந்திருக்கிறான். சாயங்காலம் அன்பரசன் வண்டி எடுத்திருக்கிறான். பௌர்ணமிக் கூட்டத்தில் போலீஸ் ரோட்டை மறித்துத் திருப்பிவிட, ஒன்றரை மணி நேரம் முதல் கியரிலேயே வண்டி ஊர்ந்திருக்கிறது. திடீரென்று பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. அன்பரசன் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருக்கிறான். அருண்பிரசாத்துக்குப் பொறுமை இல்லை. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கொதிக்கிற தண்ணீர் முகம், கழுத்து, நெஞ்சு என்று பீய்ச்சி அடித்தது. வலது கண் தேறுமா என்பது கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மூடிய தொறக்காதீங்கன்னு கத்துனேன்ணா" என்றான் அன்பரசன் என்னைப் பார்த்து.

"வாய மூடு" என்றார் சின்னசாமி. "போன வாரம் ஊருக்கு வந்திருந்தப்ப என் புள்ள நாலு பேரு முன்னாடி இவன வாய்க்கு வந்தபடி திட்டிட்டான். அத மனசுல கருவிக்கிட்டு இருந்திருக்கான். முள்ளு சூடேறி 'எச்'சுல நிக்கறத பாத்துக்கிட்டே ஓட்டி, என் புள்ளைய கொதிதண்ணிக்கு முன்னாடி நிறுத்தியிருக்கான்."

முள் வேலை செய்தால் அன்பரசன் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். வேலை செய்யாவிட்டால் அவன் மேல் தப்பில்லை. வழக்கே இவ்வளவுதான், தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இந்த மீட்டரில் மூன்றே சங்கதிதான். டேஷ்போர்டில் முள் உள்ள மீட்டர், 'சி' என்றால் குளிர்ச்சி, 'எச்' என்றால் கொதி. இன்ஜினில், சுடுதண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளை சென்சார். இரண்டையும் சேர்க்கிற ஒரே ஒரு ஒயர். தண்ணீர் சூடாக ஆக சென்சார் வழியாக இன்ஜின் பாடிக்குக் கரண்ட் ஜாஸ்தியாகப் போகும், முள் ஏறும். தனியாக எர்த் ஒயர் கிடையாது. சென்சாரின் மரை இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் எர்த்.

சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். டிராக்டர்காரனைச் சாவி போடச் சொன்னேன். முள் 'சி'யில் படுத்திருந்தது. ஒயர் முனையை இன்ஜின் மேல் வைத்தேன். முள் சட்டென்று எழுந்து 'எச்'சுக்குப் போய் முட்டியது. எடுத்தேன், இறங்கியது. இன்னொரு தடவை வைத்தேன், ஏறியது.

"மீட்டர் நல்லா கீது, ஒயரும் நல்லா கீது" என்றேன். "முள்ளு வேலை செய்யுதுணா."

மூன்று சங்கதி என்றேனே, நான் பார்த்தது இரண்டு. மூன்றாவதையும் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது, சின்னசாமியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, சீக்கிரம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருந்தது. தவிர, முப்பது வருஷம் பார்த்தவன் என்கிற கொழுப்பு.

அப்போதுதான் அன்பரசன் வாயைத் திறந்தான்.

"ணா, உங்ககிட்ட சொன்னேனேணா. மூணு வாரம் முன்ன தண்ணி ஒழுவுதுன்னு அந்த சென்சார நீங்கதான் கழட்டி மாட்டுனீங்க. அதுலேர்ந்து முள்ளு ஏறவே இல்ல. மறுநாளே போன் பண்ணி சொன்னேன். இன்ஜின் கூலா ஓடுதுன்னு சந்தோஷப்படுடான்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். அவன் சொன்ன மாத்திரத்தில் அந்த போன் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த ஞாபகம் வந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"இன்னாடா, எம்மேலயே திருப்புறியா?" என்று கையை வீசினேன். கையில் ஸ்பானர் இருந்தது. இருந்தது எனக்குத் தெரியாது என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. வாயில் பட்டது. மேல் உதடு கிழிந்து, முன்பல் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. அன்பரசன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பல்லைப் பார்த்தான். அழக்கூட இல்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கை ஓங்கிக்கொண்டு வந்த இராமலிங்கத்தைச் சின்னசாமி தடுத்தார். "இரு, இப்ப அடிக்காத. சத்தியம் பண்ணட்டும்" என்றார்.

என் ஷெட்டின் சாமிப் படத்துக்குக் கீழே எப்போதும் கற்பூரம் இருக்கும். ஒரு கட்டியை எடுத்துத் தகரத் தட்டில் வைத்துக் கொளுத்தினார். எங்கள் பக்கத்தில் இது கோர்ட்டுக்கும் மேல். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, மலையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பேச்சில்லை. எத்தனை பெரிய புளுகனும் அந்த இடத்தில் கை நடுங்கி உளறிவிடுவான். சின்னசாமி அதைத்தான் எதிர்பார்த்தார். ஷெட் வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும்.

அன்பரசன் வாயிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்தான். வலது கையை ஓங்கி நெருப்பின் மேல் வைத்து அழுத்தினான். "அண்ணாமலையார் மேல சத்தியம். முள்ளு 'சி'ய விட்டு ஏறல. ஏறியிருந்தா நிறுத்தியிருப்பேன்." பல் போன வாயில் வார்த்தை காற்றாக வந்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

சின்னசாமி தடுமாறிப்போனார், அது தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா கண்ணாயிரம், இப்படி சொல்றான்?"

அந்த நிமிஷத்தில் 'இருங்கணா, இன்னொரு தடவை பாத்துடறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் பல்லை உடைத்தவன் எப்படிச் சொல்வான்? "நான் கண்ணால பாத்தத சொன்னேன். முள்ளு வேலை செய்யுது" என்றேன்.

அவ்வளவுதான். டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினான் என்பது போய், காலனிக்காரன் மலையைப் பார்த்துப் பொய்ச் சத்தியம் செய்தான் என்று ஆகிவிட்டது. இராமலிங்கம் சுவரில் தொங்கிய பழைய ஃபேன் பெல்ட்டை உருவினான். முதல் வீச்சிலேயே அன்பரசனின் காது கிழிந்தது. டிராக்டர்காரன் அவன் இடுப்பில் உதைத்துக் கீழே தள்ளினான். விழுந்தவன் எழுந்திருக்கப் பார்க்க, முதுகில் மிதித்தான். சட்டை கிழிந்து பெல்ட்டின் பல்வரிசை முதுகில் அப்படியே பதிந்தது. அவர்கள் சொன்ன சாதிப் பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. அடித்ததைவிட அதில்தான் அவர்களுக்கு வேகம் அதிகம் இருந்தது.

"ணா, கழட்டி பாருங்கணா! அந்த சென்சார கழட்டி பாருங்க!" என்று கத்தினான் அன்பரசன். சின்னசாமியிடம் கெஞ்சவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்திலும் என் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

இவன் வாயை இதோடு அடைக்கிறேன் பார் என்றுதான் போனேன். சென்சாரைக் கழற்றி, நன்றாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் காட்டிவிட வேண்டும். ஸ்பானர் போட்டுத் திருகினேன். நாலு சுற்றில் கையோடு வந்தது. மரை முழுக்க வெள்ளை டேப்.

பைப்பில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க பிளம்பர்கள் சுற்றுகிற டேப். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. போட வேண்டிய செப்பு வாஷர் என்னிடம் இல்லை. எதிரில் இருக்கிற ஹார்ட்வேர் கடையில் டேப் வாங்கி, ஒன்றுக்குப் பத்தாகச் சுற்றி நானே மாட்டினேன். ஒழுகல் நின்றது. கூடவே மரை இன்ஜினைத் தொடுவதும் நின்றது. எர்த் இல்லாத சென்சாருக்குத் தண்ணீர் கொதித்தால் என்ன, உறைந்தால் என்ன. முள் 'சி'யிலேயே கிடந்திருக்கிறது. ஒயரை நான் பிடுங்கி இன்ஜினில் வைத்தபோது நானே எர்த் கொடுத்தேன், முள் ஏறியது. நான் செய்த தப்பை நானே மறைத்து ஒரு டெஸ்ட் செய்திருந்தேன்.

சென்சாரைக் கைக்குள் மூடிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. டேப்பை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டால் முடிந்தது, முப்பது வருஷப் பெயர் அப்படியே இருக்கும். இதை யோசித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியும், நாலு அடி நேரம். முதல் மூன்று பெல்ட் அடி. நாலாவதுக்கு இராமலிங்கம் பெல்ட்டைப் போட்டுவிட்டு வீல் ஸ்பானரை எடுத்தான். "பொய் சத்தியம் பண்ண கை இதான?" என்றான். டிராக்டர்காரன் அன்பரசனின் வலது மணிக்கட்டைத் தரையில் வைத்து மிதித்துக்கொள்ள, இராமலிங்கம் புறங்கை மேல் இறக்கினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் ஷெட்டின் மறுகோடியில் நின்ற எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அன்பரசன் அலறினான்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். எவனும் நிறுத்தவில்லை. இராமலிங்கம் இரண்டாவது தடவை ஓங்கியிருந்தான். ஜாக்கிக் கம்பியை எடுத்து அவன் முழங்கையில் ஒரே போடு. வீல் ஸ்பானர் தெறித்து விழுந்தது. டிராக்டர்காரன் என் மேல் பாய்ந்தான். கம்பியை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "ஒரு அடி வச்சே, மண்டை தெறிச்சிடும்" என்றேன். அவனுக்கு என்னைத் தெரியும், நின்றுவிட்டான்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கை நொறுங்கிக் கிடக்கிறவனைத் தூக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு சொம்பு கொதிதண்ணீர் வாங்கிவந்தேன். சின்னசாமியை இழுத்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, முள்ளைப் பாருங்கள் என்றேன். சென்சாரில் ஒயரை மாட்டி, டேப்போடு இன்ஜினில் வைத்து அதன் மூக்கைத் தண்ணீரில் முக்கினேன். முள் அசையவில்லை. டேப்பை உரித்தேன், பித்தளையைத் துடைத்தேன், அதே இடத்தில் வைத்து முக்கினேன். முள் மெல்ல மெல்ல ஏறி 'எச்'சுக்குப் பக்கத்தில் போய் நின்றது. வேலைக்காரனுக்கு வேலையை நிரூபித்தாக வேண்டும். மனுஷன் அப்புறம். என் புத்தி அது.

"என் தப்புணா. நான் சுத்துன டேப்பு. அவன் சொன்னதெல்லாம் நெசம்" என்றேன்.

சின்னசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முள்ளையே பார்த்தார். தண்ணீர் ஆற, முள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிவந்து என் கன்னத்தில் அறைந்தார். வாங்கிக்கொண்டேன். "என் புள்ள கண்ணு போவப்போவுது, இப்ப வந்து டேப்புன்றியா?" என்று அழுதார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்தவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"நடந்தது நடந்துபோச்சு. இவன் உன் ஷெட்டுல வண்டிக்கு அடில எறங்கி வேலை பாக்கற பள்ளத்துல வழுக்கி விழுந்துட்டான். நாங்களும் அதான் சொல்லுவோம், நீயும் அதையே சொல்லு. எங்களுக்கு மட்டும் இல்ல, உனக்கும் அதான் நல்லது." அன்பரசன் பக்கம் குனிந்து, "காதுல விழுந்துச்சா? நாளைக்கும் நீ அந்த ஊர்லதான் இருக்கணும்" என்றார்.

அன்பரசன் தலையை ஆட்டினான்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வழி முழுக்க அவன் கையை என் மடியில் ஒரு துண்டில் வைத்துப் பிடித்திருந்தேன். விரல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்க்கப் பயமாக இருந்தது. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவன் பல்லைக் கடிக்கப் பார்த்தான், பல் போன இடத்தில் ரத்தம் கசிந்தது. "மன்னிச்சிடுடா" என்றேன். காதில் விழாதது மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கை இனி கியர் போடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்.

ஆஸ்பத்திரி போலீஸ் ஏட்டு வந்து கட்டில் பக்கத்தில் நோட்டைப் பிரித்தார். "எப்படியா ஆச்சு?" அன்பரசன் என்னைப் பார்க்காமல், "மெக்கானிக் ஷெட்டு பள்ளத்துல விழுந்துட்டேன் சார்" என்றான். ஏட்டு எழுதிக்கொண்டார். நான் சும்மா நின்றேன். அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை.

அப்போது அவன் மனைவி கவிநிலா ஓடிவந்தாள். ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், யாரோ போன் செய்திருக்கிறார்கள். புருஷனின் முகத்தைத் தொட்டாள், கையைப் பார்த்தாள், சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் என்னைக் காட்டி, "இவருதான் ஆட்டோல கொண்டாந்து சேர்த்தாரு" என்றாள். கவிநிலா திரும்பி, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"நல்லா இருப்பீங்கணா. நீங்க இல்லன்னா…" என்று ஆரம்பித்தாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அறை வாங்கியபோது தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லை.

"கைய எறக்கும்மா" என்றேன். "இவன் எந்தப் பள்ளத்துலயும் விழல. அடிச்சாங்க."

அன்பரசன் கட்டிலிலிருந்தே, "வேணாம்ணா, விட்ருங்க" என்றான். ஏட்டு பேனாவை மூடினார். "யோவ், யோசிச்சு பேசு. நான் எழுதிட்டா அப்புறம் திருப்ப முடியாது. அடிச்சது யாரு?"

கவிநிலாவின் கை இன்னும் கூப்பியபடிதான் இருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கைய ஒடச்சது சின்னசாமி மச்சான் இராமலிங்கம். மிதிச்சது அவரு அண்ணன் மவன். சின்னசாமி பாத்துக்கிட்டு நின்னாரு. மொத அடி நான் அடிச்சேன். பல்ல ஒடச்சது நான்."

அவள் கைகள் பிரிந்தன. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். புருஷன் பக்கம் திரும்பி, "இதுக்கும் நாம தலையாட்டிட்டு போவணுமா?" என்று கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. வேணாம் என்று மறுபடி சொல்லவில்லை. கவிநிலா ஏட்டுவைப் பார்த்து, "எழுதுங்க சார்" என்றாள்.

ஏட்டு பழைய பக்கத்தை அடித்துவிட்டுப் புதுப் பக்கத்தைப் பிரித்தார். என் பெயர், அப்பா பெயர், ஷெட் இருக்கிற இடம் எல்லாம் கேட்டு எழுதினார்.

"எதுக்கு அடிச்ச?"

"அவன் உண்மைய சொன்னான் சார். அதுக்குத்தான் அடிச்சேன்."

ஏட்டு எழுதாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் எழுதுங்க" என்றாள் கவிநிலா.